பழைய பூல் மேசைக்குப் புதுத் துணி: வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

பில்லியர்ட்ஸ் வகை ஆட்டமான பூல் ஆடும் மேசையின் துணி நைந்துவிட்டால் நாம் எல்லோரும் முதலில் தேடுவது புதுத் துணியைத்தான். நானும் அதைத்தான் செய்தேன். மூடப்பட்ட ஒரு விளையாட்டுக்கூடத்திலிருந்து எட்டடி மேசை ஒன்று கோவையில் எங்கள் வீட்டுக் கீழறைக்கு வந்தது. பழைய துணியை உரித்துப் போட்டுவிட்டு, புதுத் துணியை ஒரே நாளில் இழுத்துக் கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்தில் மேசையின் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு தெரிய ஆரம்பித்தது. மெதுவாக உருட்டிய பந்து அந்தக் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் இடப்பக்கம் விலகியது. கோளாறு துணியில் இல்லை, அதற்கு அடியில் இருந்த கல்லில். துணியைப் பிடித்திருந்த அத்தனை ஸ்டேப்ளர் பின்களையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அதன் பிறகு நண்பர்கள் வீட்டு மேசைகள் நான்குக்குத் துணி மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாதி நேரத்துக்கு மேல் துணியைத் தொடாமலே போகிறது. இந்த வழிகாட்டியும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் மேசை எந்த வகை என்று பாருங்கள்

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கல் தெரிந்தால் அது ஸ்லேட் மேசை. வீட்டு மேசைகளில் பெரும்பாலும் மூன்று துண்டுக் கல் இருக்கும். அவை சேரும் இரண்டு கோடுகளும் அடியிலிருந்து பார்த்தாலே தெரியும். கல்லுக்குப் பதிலாக அழுத்திய மரத்தூள் பலகை இருந்து, அது நடுவில் தொய்ந்தும் போயிருந்தால், அந்த மேசையில் நல்ல துணியைப் போட்டு வீணாக்காதீர்கள். தொய்ந்த பலகையை நிமிர்த்த வழி கிடையாது.

அடுத்து அளவு. எட்டடி, ஒன்பதடி என்பது மேசையின் வெளி அளவைத் தோராயமாகச் சொல்லும் பெயர். துணி வாங்கும்போது சொல்ல வேண்டியது ஒரு குஷனின் (மேசை விளிம்பில் ரப்பர் வைத்த கட்டை) மூக்கிலிருந்து, அதாவது பந்து படும் ரப்பர் முனையிலிருந்து, எதிர் குஷனின் மூக்கு வரையுள்ள ஆடுகள அளவு. ஒன்பதடி மேசைக்கு அது 100 அங்குலம் × 50 அங்குலம், எட்டடிக்கு 88 × 44. நீளம் எப்போதும் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. உங்கள் மேசையில் அப்படி வரவில்லை என்றால், இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

நான் சொல்லப்போவது ஆறு தனித்தனி குஷன் கட்டைகள் கொண்ட அமெரிக்க வகை மேசைக்கு. கிளப்புகளில் இருக்கும் பன்னிரண்டடி ஸ்நூக்கர் மேசை வேறு இனம். அதில் ஐந்து துண்டுக் கல். கல் மட்டுமே ஒரு டன்னை எட்டும். அதை வீட்டில் பிரிக்க முயல வேண்டாம். ஸ்நூக்கர் நம் மண்ணோடு ஒட்டிய ஆட்டம் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1875-இல் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளிடையே உருவான ஆட்டம் அது. 1882-இல் அதன் விதிகள் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் எழுதி மாட்டப்பட்டன. எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அந்த அறை.

துணி

கடையில் 'ஃபெல்ட்' என்று கேட்டால்தான் புரிகிறது. ஆனால் இது ஃபெல்ட் இல்லை. ஃபெல்ட் என்பது நார்களை அழுத்தி ஒட்டவைப்பது. மேசைத் துணியோ பாவும் ஊடையும் வைத்துத் தறியில் நெய்த கம்பளி. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்நூக்கர் துணி போலப் பிசிர் எழுப்பியது. தடவிப் பார்த்தால் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் இருக்கும். மற்றது நூலை நன்றாகச் சீவி நெய்த, பிசிரே இல்லாத வொர்ஸ்டட். பூல் மேசைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பந்து வேகமாக ஓடும், திசை மாறாது, உருண்டைப் பிசிர் கிளம்பாது. பெல்ஜியத்தின் வெர்வியே நகரத்து சிமோனிஸ் நிறுவனம் 1680 முதல் இருக்கிறது. அதன் 860 ரகத்தில் 90 விழுக்காடு கம்பளி, மீதி நைலான். விலை அதிகம்தான். ஆனால் வீட்டு ஆட்டத்துக்கு அது பல ஆண்டுகள் தாங்கும். விலை கட்டுப்படியாகாதவர்கள் வேறு நிறுவன வொர்ஸ்டட் வாங்கலாம்; பாதிக்கு மேல் பாலியஸ்டர் கலந்ததை மட்டும் வாங்க வேண்டாம்.

கல்லின் மேல் விரிக்கும் படுக்கைத் துணியையும் குஷன் துணியையும் ஒரே உருளையிலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். வேறு வேறு சாய முறையில் வந்த துணிகளுக்கு இடையே உள்ள நிற வேறுபாடு விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று, காலம். கம்பளி ஈரத்தை உறிஞ்சித் தளரும் குணமுள்ளது. சர்வதேசப் போட்டிகளில் பாக்கெட் இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் மேசைகளின் கல்லை அடியிலிருந்து சூடாக்குவதே துணி ஈரம் பிடிக்காமல் இருப்பதற்காகத்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். வெயில் காய்கிற மாதமாகப் பார்த்து, துணியை முந்தின நாளே அதே அறையில் மடிப்பில்லாமல் விரித்துப் போட்டு வையுங்கள்.

கருவிகள்

சாக்கெட் ஸ்பேனர் செட், திருப்புளி, கொறடு, மர மல்லட், சின்னச் சுத்தி, ஸ்டேப்ளர் துப்பாக்கியும் அதற்கேற்ற பின்களும், பின் பிடுங்கி, கூரான கத்திரி, பிளேடு கத்தி, வேக்குவம் கிளீனர், மாஸ்கிங் டேப், மார்க்கர், புதுச் சீட்டுக்கட்டு ஒன்று. சீட்டுக்கட்டு எதற்கென்று பிறகு சொல்கிறேன். இவற்றோடு ஒரு நல்ல ரசமட்டம். ஆசாரிகள் வைத்திருக்கும் சாதாரண ரசமட்டம் மரச்சட்டத்துக்குப் போதும், கல்லுக்குப் போதாது. மீட்டருக்கு 0.1 மி.மீ. சரிவைக்கூடக் காட்டும் இயந்திர ரசமட்டம் வேண்டும். லேத் பட்டறை வைத்திருக்கும் யாரிடமாவது இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்கலாம். நான் அப்படித்தான் வாங்கினேன்.

பிரிப்பது

எந்தத் துண்டைக் கழற்றினாலும் அதில் டேப் ஒட்டி எண் போடுங்கள். ஆறு குஷன் கட்டைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இடம் மாறினால் போல்ட் துளைகள் சேராது. முதலில் பாக்கெட்டுகளைக் கழற்றுங்கள். தோல் பாக்கெட்டாக இருந்தால் அடியில் சிறு ஆணிகளோ பின்களோ இருக்கும். அடுத்து, மேசைக்கு அடியிலிருந்து குஷன் போல்ட்டுகளைக் கழற்றவும். கட்டைக்கு மூன்றாக மொத்தம் 18. கட்டையைத் தூக்கும்போது மூக்கைப் பிடித்துத் தூக்காதீர்கள், ரப்பர் பிரிந்துவிடும்.

பழைய துணியை இழுத்துக் கிழிக்காமல், பின் பின்னாக எடுங்கள். அரைத் துண்டாக முறிந்து நிற்கும் பின்களையும் கொறடால் பிடுங்கிவிடுங்கள். க்யூ கோலின் முனையில் தேய்க்கும் சாக் பொடியின் பழைய தூசி நிறைய பறக்கும் என்பதால் முகக்கவசம் அவசியம். பின்களே இல்லாமல் பசையால் ஒட்டியிருந்தால், கல்லுக்கு அடியில் மரப்பலகை இல்லை என்று அர்த்தம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துணி கட்டும் முறை அங்கே மாறும்.

மேசையை வேறு இடத்துக்கு மாற்றாவிட்டால் கல்லைக் கழற்றவே கூடாது. கழற்றியே ஆக வேண்டுமென்றால், எட்டடி மேசையின் ஒரு துண்டுக் கல் ஏறத்தாழ 70 கிலோ இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து, கண்ணாடிப் பலகையைத் தூக்குவது போல நிமிர்த்தியே தூக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் தன் எடையிலேயே விரிசல் விடும். கல்லைப் பிடித்திருக்கும் திருகுகள் பட்டிக்கும் (இடுக்கு அடைக்கும் கலவை) மெழுகுக்கும் அடியில் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோமா என்று உறுதி செய்த பிறகே நெம்புங்கள்.

மரம்

கட்டைகள் தனியே இருக்கும்போதே மர வேலையை முடித்துவிட வேண்டும். புதுத் துணி போட்ட பிறகு பாலிஷைத் தொட்டால் ஒரு சொட்டிலேயே துணி போய்விடும். மேல்பூச்சு மங்கியிருந்தால் மட்டும் 320 எண் உப்புத்தாளை இழை போகும் திசையில் லேசாக ஓட்டி, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பழந்துணிப் பொட்டலத்தால் மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள். கட்டைகளில் பதித்திருக்கும் குறிப்புள்ளிகளை டேப்பால் மூடிவிடுங்கள். அவை முத்துச்சிப்பியாக இருந்தால் உப்புத்தாள் பட்டவுடன் பளபளப்பை இழக்கும்.

கல்: இங்கே அவசரம் கூடாது

உலக பூல்-பில்லியர்ட் சங்கத்தின் அளவுப்படி, மேசை நீளவாக்கில் 0.020 அங்குலத்துக்குள்ளும் குறுக்குவாக்கில் 0.010 அங்குலத்துக்குள்ளும் மட்டமாக இருக்க வேண்டும். அரை மி.மீ., கால் மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அளவை வீட்டில் எட்ட முடியும். நேரம் ஒன்றுதான் தேவை.

அடிச்சட்டத்திலிருந்து தொடங்குங்கள். கால்களுக்கு அடியிலுள்ள திருகுகளைச் சுற்றியோ, ஆப்பு வைத்தோ சட்டத்தை மட்டப்படுத்துங்கள். கால் பாதத்துக்கு அடியில் மடித்த அட்டை வைக்காதீர்கள், சில மாதங்களில் நசுங்கிவிடும். பிறகு நடுக்கல். இயந்திர ரசமட்டத்தை நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைவிட்டமாக வைத்துப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆப்போ சீட்டோ செருகுங்கள். ஒரு விளையாட்டுச் சீட்டின் கனம் ஏறத்தாழ 0.3 மி.மீ.; ஒன்று, இரண்டு என்று செருகி மிக நுணுக்கமாகக் கல்லை உயர்த்த முடிகிறது. மேசை வேலைக்காரர்கள் உலகம் முழுக்கச் சீட்டைப் பயன்படுத்துவது இதற்காகத்தான். நடுக்கல் மட்டமானதும் இரு பக்கக் கற்களையும் அதற்குச் சேர்த்து மட்டப்படுத்துங்கள். திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி முடுக்குங்கள். ஒரே திருகை முழுக்க இறுக்கினால் கல் வளையும். ஆம், ஒரு அங்குலக் கல்லும் வளையும்.

இணைப்பை நகத்தால் சோதியுங்கள். விரல் நகத்தைக் கோட்டின் குறுக்கே இரு திசையிலும் இழுத்தால் எங்கும் தட்டக்கூடாது. என் முதல் முயற்சியில் ரசமட்டம் சரியாகக் காட்டியது, ஆனால் நகம் ஒரு மூலையில் தட்டியது. நகத்தை நம்பாமல் விட்டேன். முன்பு சொன்ன அந்தக் கோடு தோன்றியது சரியாக அதே மூலையில்தான்.

இணைப்பை அடைக்க இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி தேன்மெழுகு. கல்லை லேசாகச் சூடாக்கி, மெழுகை உருக்கி விட்டு, ஆறியதும் அகலமான பிளேடால் கல்லோடு சமமாகச் சீவிவிடுவது. பின்னொரு நாள் மேசையைப் பிரிக்கும்போது எளிதாக வந்துவிடும். ஆனால் தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல் உருகும் என்றாலும் அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்குகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும், ஏப்ரல் வெயில் இறங்கும் அறைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே கார் பட்டறையில் பயன்படுத்தும் இரு கலவைப் பட்டி நல்லது. மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் பட்டியை மட்டும் தேயுங்கள். திருகுக் குழிகளையும் அடைத்துவிடுங்கள். பிறகு வேக்குவம், ஈரமில்லாத துணி, மீண்டும் வேக்குவம். ஒரு மணல் துகள் விட்டுப்போனாலும் துணிக்கு அடியில் பரு மாதிரி நிற்கும்.

துணி போடும் முன் வெறுங்கல்லில் பந்தை மிக மெதுவாக உருட்டிப் பாருங்கள். அது எங்காவது வளைந்தால் மறுபடி சீட்டுக்கட்டை எடுங்கள்.

குஷன்கள்

ரப்பர் உயிரோடு இருக்கிறதா என்று பிரிப்பதற்கு முன்பே சோதித்திருந்தால் நல்லது. வெள்ளைப் பந்தை மேசையின் நடுக்கோட்டில் நேராக, பலமாக அடித்தால் அது மேசையின் நீளத்தை நான்கு முதல் நாலரை முறை கடக்க வேண்டும். மூன்றிலேயே நின்றுவிட்டால் துணி நைந்ததும் காரணமாகலாம், ரப்பர் செத்ததும் காரணமாகலாம். துணியை உரித்துப் பார்த்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் உடனே மீண்டால் ரப்பர் நன்றாக இருக்கிறது. கல் போல் இறுகியோ, பொடிப்பொடியாக வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். அமெரிக்க வகை மேசைகளில் பெரும்பாலும் கே-66 என்ற வடிவம். ஆனாலும் பழைய ரப்பரின் ஒரு துண்டை வெட்டிக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். வடிவம் மாறினால் மூக்கின் உயரமும் மாறிவிடும்.

பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டிவிட்டு, ரப்பரிலும் மரத்திலும் காண்டாக்ட் பசை தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்டுங்கள். ஒட்டும்போது ரப்பரை நீட்டி இழுக்கவே கூடாது. இழுத்து ஒட்டிய ரப்பர் நாளாவட்டத்தில் சுருங்கி, பாக்கெட் ஓரத்தில் பிரிந்து நிற்கும். முனைகளைப் பழைய கோணத்திலேயே அறுத்து, பாக்கெட் பக்கத்துப் பட்டை ரப்பரையும் ஒட்டுங்கள்.

கட்டையின் மேல்புறத்தில் நீளமாக ஒரு காடி (குறுகிய பள்ளம்) ஓடும். துணியின் ஓரத்தை அதில் அழுத்திப் பிடிக்கும் மெல்லிய மரக்கீற்றுதான் ஃபெதர் ஸ்ட்ரிப். பழைய கீற்றை முறியாமல் எடுத்தால் அதையே போடலாம். துணியை நல்ல பக்கம் கீழாக, இரு முனையிலும் நான்கு விரல் மிச்சம் விட்டுக் காடியின் மேல் விரித்துக் கீற்றை வைத்து, சுத்தியால் நேரே அடிக்காமல் இடையில் ஒரு மரத்துண்டு வைத்துத் தட்டுங்கள். நடுவில் தொடங்கி வெளிநோக்கிப் போங்கள், துணியை நீளவாக்கில் ஒருவர் இழுத்துப் பிடித்திருக்கட்டும். இரு முனையிலும் கடைசி இரண்டு அங்குலத்தைத் தட்டாமல் விட்டுவையுங்கள். இப்போது துணியை ரப்பர் மேலாகப் புரட்டி, கட்டைக்கு அடியில் கொண்டுவந்து, நடுவிலிருந்து பின் அடித்துக்கொண்டே வாருங்கள். இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கூடுதலாக இழுத்தால் மூக்கில் பள்ளம் விழும், பந்து அங்கே பட்டால் கோணல் அடிக்கும்.

கைப்பழக்கம் வேண்டிய இடம் பாக்கெட் முனை. மிச்சத் துணியை முனைக்கோணத்தின் மேல் இழுத்துக் கீழே மடக்குங்கள். எல்லா மடிப்பும் அடிப்பக்கத்திலேயே முடியட்டும். பந்து படும் முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் கூடாது. பிறகு கீற்றின் மீதி இரண்டு அங்குலத்தைத் தட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் துணியைப் பிளேடால் சீவுங்கள். முதல் கட்டைக்கு எனக்கு ஒன்றரை மணி நேரமானது, ஆறாவதற்கு அரை மணி.

படுக்கைத் துணி

இதற்கு இரண்டு பேர் வேண்டும். கை சுத்தமாக, வியர்வை இல்லாமல் இருக்கட்டும். நல்ல பக்கத்தைச் சாக்பீஸால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிசிர் உள்ள துணியானால் வழுவழுப்பான திசை, பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) அடிக்கும் முனையிலிருந்து பந்து அடுக்கும் முனையை நோக்கி ஓட வேண்டும்.

துணியை விரித்து எல்லாப் பக்கமும் சமமாகத் தொங்கவிடுங்கள். பந்து அடுக்கும் முனையில் தொடங்கலாம். ஒரு மூலையில் நான்கைந்து பின் அடித்துவிட்டு, மற்ற மூலைக்குப் பலமாக இழுத்து அங்கேயும் அடித்து, இடைவெளியை ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக நிரப்புங்கள். பின்கள் கல்லுக்கு அடியிலுள்ள மரத்தில் இறங்க வேண்டும். மரம் இல்லாத கல்லானால் பின்னுக்குப் பதில், கல்லின் விளிம்பிலும் துணியின் ஓரத்திலும் ஸ்ப்ரே பசை அடித்து, காயவிட்டு ஒட்டுங்கள். அடுத்து ஒரு நீளப்பக்கம். அதன் கடைசி மூலைவரை துணியை நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போங்கள். பிறகு பிரேக் முனை. இங்கே முழு வலுவோடு நீளவாக்கில் இழுக்க வேண்டும். ஒருவர் இழுக்க மற்றவர் அடிக்கட்டும். கடைசியாக எதிர் நீளப்பக்கத்தை நடுவிலிருந்து இரு மூலைகளுக்கும்.

உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அலை எழுந்தால் அந்தப் பக்கத்துப் பின்களை எடுத்து மறுபடி இழுங்கள். இதைச் சோம்பாமல் செய்யுங்கள். தளர்ந்த துணி பந்தின் வேகத்தைக் குறைப்பதோடு சீக்கிரம் நைந்தும் போகும்.

பாக்கெட் வாய்களை வெட்டுவது கடைசியில்தான். வாயின் நடுவிலிருந்து கல்லின் விளிம்புக்கு அரை அங்குலம் முன்புவரை மூன்று நான்கு வெட்டுகள் போட்டு, நாக்குகளைக் கீழே இழுத்துப் பின் அடியுங்கள். விளிம்புவரை வெட்டிவிட்டால் பின்னர் கிழிசல் ஆடுகளத்துக்குள் ஓடிவரும்.

மீண்டும் கூட்டுவது

எண்படி கட்டைகளை வைத்து 18 போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். பாக்கெட்டுகளைப் பொருத்தி, கட்டைகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதைப் பார்த்தபின் நடு போல்ட்டிலிருந்து முடுக்குங்கள். ஆடுகளத்திலிருந்து குஷன் மூக்கின் உயரம், பந்தின் விட்டத்தில் 63.5 விழுக்காடு; 57 மி.மீ. பந்துக்கு 36 மி.மீ. சொச்சம். அதிகம் தாழ்ந்தால் பந்து துள்ளும், உயர்ந்தால் துணியில் அழுந்தும். கட்டைகளைக் கைமுட்டியால் தட்டிக்கொண்டே போங்கள்; எங்காவது பொத்தென்று சத்தம் மாறினால் அங்கே ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது.

பந்து அடுக்கும் புள்ளி, எட்டடி மேசையில் அந்த முனைக் குஷன் மூக்கிலிருந்து நடுக்கோட்டில் 22 அங்குலம். அங்கே ஒட்டுப்புள்ளி ஒன்றை ஒட்டுங்கள். பிரேக் அடிக்கும் இடத்தில் வெள்ளைப் பந்துக்கு அடியில் சின்னத் துணித்துண்டு வைத்துப் பழகினால் வெண்மையான எரிகோடுகள் விழாது.

பராமரிப்பு கொஞ்சம்தான். ஆடி முடித்ததும் மென்மையான பிரஷ், வாரம் ஒருமுறை இழுப்பு குறைந்த வேக்குவம். க்யூவுக்கு சாக் போடுவது மேசைக்கு வெளியே. பந்துகளைக் கழுவித் துடைத்து வையுங்கள்; அழுக்குப் பந்து உப்புத்தாள் மாதிரி துணியைத் தேய்க்கும். கம்பளி என்பதால் பூச்சி அரிக்கும். ஆடாத நாட்களில் உறை போட்டு, பாக்கெட்டுகளுக்குள் நாப்தலின் உருண்டைகளைச் சிறு பையில் கட்டி வையுங்கள்.

ஒரு வாரம் ஆடிய பிறகு 18 போல்ட்டுகளையும் இன்னொரு முறை முடுக்கி, ரசமட்டத்தை மேசையின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். புதிதாக எடை ஏறிய கால்கள் தரையில் கொஞ்சம் அமர்ந்திருக்கும். கால் திருகை அரைச் சுற்று திருப்பினால் சரியாகிவிடும்.